தண்டோராவில் வந்த உரிமை: இரட்டைமலை சீனிவாசனும் அரசாணை 2660-உம்

1858 நவம்பர் 1 அன்று விக்டோரியா அரசியின் பிரகடனம் இந்தியாவின் பெருநகரங்களில் வாசிக்கப்பட்டது. கம்பெனியின் ஆட்சி முடிந்து முடியாட்சி தொடங்குவதை அறிவித்த அந்த ஆவணம் இரண்டு வாக்குறுதிகளை ஒரே மூச்சில் அளித்தது. மக்களின் சமய நம்பிக்கைகளிலும் வழிபாட்டிலும் அரசு தலையிடாது, நாட்டின் பழைய உரிமைகளும் வழக்கங்களும் மதிக்கப்படும் என்பது ஒன்று. இனமும் சமயமும் பாராமல், கல்வியும் திறமையும் நேர்மையும் உடைய எவருக்கும் அரசுப் பணியின் கதவு திறந்திருக்கும் என்பது மற்றொன்று. ஆங்கில மூலத்தில் இனம் உண்டு, சமயம் உண்டு, சாதி இல்லை. சேரிக்குள் வாழ்ந்த மனிதருக்கு முதல் வாக்குறுதி இரண்டாவதை விழுங்கிவிடும் என்பதை அன்று கவனித்தவர் மிகச் சிலரே. பொதுக் கிணற்றில் நீர் எடுக்கக் கூடாது என்பதும் வழக்கம். ஊர்த்தெருவில் செருப்பணிந்து நடக்கக் கூடாது என்பதும் வழக்கம். அந்த வழக்கங்களை மதிப்பதாகத்தான் அரசி வாக்களித்திருந்தார்.

அப்பிரகடனம் வாசிக்கப்பட்டு ஓராண்டு நிறைவதற்குள், 1859 ஜூலை 7 அன்று, செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் கிராமத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1860 எனக் கூறுவோரும் உண்டு. இரட்டைமலை என்பது ஊர்ப்பெயரன்று. அவருடைய தந்தையின் பெயர். மேடைகளில் இதை ஒரு மலையின் பெயராகச் சொல்லிச் செல்லும் பேச்சாளர்களை நாம் இன்றும் காண்கிறோம். அரசு வெளியிட்ட ஆணைகளையும் அறிவிப்புகளையும் சட்டங்களையும் வாழ்நாள் முழுவதும் படித்து, அவற்றில் உள்ள வாக்குறுதியைக் கடன் பத்திரம்போல் நீட்டி, தர வேண்டியதைத் தரும்படி கேட்டுக்கொண்டேயிருந்த மனிதர் அவர். சட்டம் படித்துவிட்டுச் சேரிகளின் வழக்குகளோடு நடமாடும் நம்மைப் போன்றோருக்கு அவரது வாழ்க்கை அதனாலேயே நெருக்கமானது.

கோயம்புத்தூரில் அவர் பயின்ற கல்விக்கூடத்தில் ஏறத்தாழ 400 மாணவர்கள் இருந்தனர். அவர்களுள் பத்துப் பேரைத் தவிர ஏனையோர் பிராமணர்கள் என்று 1939-இல் வெளியான தமது ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ நூலில் குறித்திருக்கிறார். சாதி தெரிந்துவிடும் என்ற அச்சத்தால் சக மாணவரோடு பழகாமல் இருந்ததையும், மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைந்து, பள்ளி முடிந்ததும் எவரும் நெருங்கும் முன்னர் விரைந்து வீடு திரும்பியதையும் அந்நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். கல்லூரி விடுதிகளில் ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, குலதெய்வத்தைக் கேட்டு, கடைசியில் சாதியைக் கண்டுபிடிக்கும் உரையாடலைக் கடந்து வந்த மாணவர்களுக்கு அந்தப் பக்கத்தை விளக்கத் தேவையில்லை.

படிப்புக்குப் பின் நீலகிரியில் ஐரோப்பிய நிறுவனமொன்றில் கணக்கராக ஏறத்தாழ பத்தாண்டுகள் பணியாற்றினார். 1887-இல் ரெங்கநாயகி அம்மையாரை மணந்தார். அவருடைய சகோதரி தனலட்சுமியை மணந்தவர் பண்டிதர் அயோத்திதாசர். நீலகிரியில் தொடங்கிய அந்த உறவு, கருத்தளவில் இரண்டு வேறு பாதைகளாகப் பிரிந்தது. பறையர் என்ற பெயரே திணிக்கப்பட்ட இழிவு, நாம் பூர்வ பௌத்தர் என்று அயோத்திதாசர் வாதிட்டார். இழிவாகச் சுமத்தப்பட்ட அதே பெயரைத் தலை நிமிர்ந்து சொன்னாலன்றி இழிவு நீங்காது என்பது சீனிவாசனின் நிலை. இவ்விவாதம் நம் இயக்கங்களுக்குள் இன்றும் தீர்ந்தபாடில்லை.

1890-இல் சென்னைக்கு வந்து சேர்ந்த அவர், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பறையர் மகாஜன சபையை நிறுவினார். அந்த ஆண்டுகளில் சென்னை மாகாண அரசின் கோப்புகளிலும் ஒரு அசைவு நிகழ்ந்துகொண்டிருந்தது. செங்கல்பட்டின் பொறுப்பு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், தம் மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து 1891-இல் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். நிலமின்மையே அவர்களின் அடிமைத்தனத்தின் வேர் என்பதை அவ்வறிக்கை வீடு, கூலி, கடன், பயிர் என ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டிச் சொன்னது. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று வருவாய்த் துறையின் 1010, 1010-ஏ ஆகிய ஆணைகள் பிறந்தன. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் அழைப்பதன் பிறப்புச் சான்று இதுவே. மறு ஆண்டு பிப்ரவரியில் ஒடுக்கப்பட்ட மக்களின் கல்விக்கான தனி ஆணையும் வெளிவந்தது.

திரமென்ஹீரின் அறிக்கை வானத்திலிருந்து விழுந்ததன்று. சேரி மக்களின் மனுக்கள், மிஷனரிகளின் இடைவிடாத கடிதங்கள், புதிதாக உருவான சங்கங்களின் குரல் ஆகியவை சேர்ந்தே அரசை அசைத்தன. ஆயினும் பாடநூல்கள் இதை ஒரு வெள்ளைக்கார ஆட்சியரின் கருணையாகவே எழுதுகின்றன. நம் மேடைகளிலும் சில வேளை அப்படியே பேசப்படுகிறது. சீனிவாசன் அந்த மயக்கத்தில் இருக்கவில்லை. ஓர் ஆணை பிறந்தவுடன் அதைப் பாராட்டித் தீர்மானம் போட்டுவிட்டு, மறுநாளே அது நிறைவேற்றப்படவில்லை என்று மனு எழுதுவது அவரது வழக்கம். அந்த இரண்டாவது மனுவே முக்கியமானது.

அம்மனுக்களுக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்ற பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம், இரண்டணா விலை. முதல் இதழின் 400 பிரதிகள் சென்னையில் இரண்டே நாளில் விற்றுத் தீர்ந்தன. மாத இதழாகத் தொடங்கியது மூன்று மாதங்களில் வார இதழாயிற்று. ஏழாண்டுகள் நிற்காமல் வெளிவந்தது. அரசாணைகளின் பொருளை எளிய தமிழில் விளக்குவதும், அவை எந்த ஊரில் மீறப்படுகின்றன என்ற செய்தியைச் சேகரிப்பதும் அவ்விதழின் அன்றாட வேலை. இதழில் வெளியான ஒரு கடிதத்துக்காக அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டு நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அந்தப் பணத்தை அவர் சார்ந்த மக்களே திரட்டிச் செலுத்தினர். நமது இணைய ஊடகங்கள் இன்று செய்வதாக எண்ணிக்கொள்ளும் பணிகளில் பெரும்பாலானவற்றை, அச்சுக்கோத்து, தபாலில் அனுப்பி, 130 ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் செய்து முடித்திருக்கிறார்.

1893-இல் நடந்த மற்றொரு நிகழ்வைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமின்றி இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்பது காங்கிரசின் நெடுநாள் கோரிக்கை. அதற்கு ஆதரவாக அவ்வாண்டு ஜூனில் பிரிட்டிஷ் மக்களவையில் ஒரு தீர்மானமும் நிறைவேறியது. காங்கிரஸ் தலைவர்கள் தம் கோரிக்கைக்கு ஆதாரமாகக் காட்டியது 1858-ஆம் ஆண்டின் அதே பிரகடனத்தை. அரசுப் பணியில் வேறுபாடு இல்லை என்று அரசியே வாக்களித்திருக்கிறாரே என்பது அவர்களின் வாதம். டிசம்பர் இறுதியில் சென்னை வெஸ்லி மிஷன் கல்லூரியில் கூட்டம் கூட்டிய சீனிவாசன் அதை எதிர்த்தார். 3412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள மனு ஒன்று லண்டனுக்கு அனுப்பப்பட்டு, நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது.

அந்த மனுவைத் தேசத்துரோகம் என்று அன்று ஏசினர். இன்றும் சிலர் ஏசுகின்றனர். வாதத்தைக் கவனித்துப் பார்ப்போம். இந்தியர் ஆட்சிப் பணியில் சேர வேண்டாம் என்பதன்று அதன் சாரம். கிராமத்தில் கர்ணமாகவும் மணியக்காரராகவும் தாசில்தாராகவும் அமர்ந்து தம்மை ஒடுக்குகிறவர்களே ஆட்சியராகவும் நீதிபதியாகவும் அமர்ந்தால், மேல்முறையீடு செய்வதற்கும் ஓர் இடம் இராது என்பதே. ஒரே பிரகடனத்தின் ஒரே வாக்குறுதி, ஏட்டறிவில் முந்திக்கொண்ட சாதிகளுக்குப் பதவியாகவும், பள்ளிக்கூடமே கண்டிராத சாதிகளுக்குப் புதிய எஜமானராகவும் வந்து சேரும் என்பதை அவர் கண்டார். சம வாய்ப்பு என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் சமமின்மையைத் தமிழ்நாட்டில் இவ்வளவு தெளிவாக அரசியல் மனுவாக்கிய முதற்சிலருள் அவர் ஒருவர். இடஒதுக்கீட்டுக்கு எதிராகத் தகுதி பேசுவோரிடம் நாம் இன்று சொல்லும் பதில், அந்த 112 அடிக் காகிதத்தில் தொடங்குகிறது எனலாம்.

ஆனால் அந்த மனு இன்னொன்றையும் காட்டுகிறது. அவர் மேல்முறையீடு செய்ய விரும்பிய இடம் லண்டன். 1895 டிசம்பரில் சென்னை வந்த வைசிராய் எல்ஜினைத் தம் மக்களுடன் சென்று சந்தித்து வரவேற்பு மடல் அளித்தார். பின்னாளில் ராவ் சாகிப் (1926), ராவ் பகதூர் (1930), திவான் பகதூர் (1936) ஆகிய பட்டங்களை ஏற்றார். தலையிடாமைக் கொள்கையைச் சட்டமாக வைத்திருந்த ஓர் அரசிடம் தலையிடும்படி கேட்பதன் முரணை அவர் எந்த அளவுக்கு எடைபோட்டார் என்பது விவாதத்திற்குரியது. அதேபோல் அவரது சபையின் பெயரும் இதழின் பெயரும் ஒரு சாதியின் பெயர்களே. பள்ளரும் அருந்ததியரும் பெருந்தொகையாக வாழும் திண்டுக்கல் சமவெளியிலிருந்து பார்க்கும்போது அந்தக் குறுகல் நம் கண்ணில் படாமல் போகாது. அவரைப் போற்றும் கூட்டங்களில் இதைச் சொல்வது மரியாதைக் குறைவு என்று நாம் கருதவில்லை.

1900-இல் அவர் கடல் கடந்தார். லண்டன் சென்று நேரில் முறையிடும் எண்ணத்தோடு புறப்பட்டவர், கிழக்கு ஆப்பிரிக்கா வழியாகத் தென்னாப்பிரிக்காவை அடைந்து, நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். காந்தியாரோடு அவருக்கு அங்கே பழக்கம் ஏற்பட்டது. ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் பலரும் அவருடைய மக்களே. அவர்களின் சொல்லை ஆங்கில நீதிபதிக்கும், நீதிபதியின் சொல்லை அவர்களுக்கும் மாற்றிச் சொல்வது அவருடைய அன்றாடப் பணி. சட்டத்தின் மொழிக்கும் சேரியின் மொழிக்கும் இடையே நிற்கும் வேலையை அவர் ஊதியத்துக்குச் செய்த காலம் அது.

1920-களின் தொடக்கத்தில் திரும்பியபோது சென்னை மாறியிருந்தது. இரட்டையாட்சி வந்து, சட்டமன்றம் விரிந்து, நீதிக்கட்சி ஆட்சியில் இருந்தது. எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922-இல் பறையர், பஞ்சமர் என்ற பெயர்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று வழங்க அரசு ஆணையிட்டிருந்தது. ‘பறையன்’ நடத்தியவர் ஆதிதிராவிடரின் பிரதிநிதியாக 1923-இல் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார்.

1924 ஆகஸ்ட் 22 அன்று அவர் அவையில் கொண்டுவந்த தீர்மானமே அவரது வாழ்வின் நடுநாயகம். எந்த ஊரிலும் நகரத்திலும் உள்ள பொதுச் சாலை, தெரு, பாதை ஆகியவற்றில் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடப்பதற்கு ஆட்சேபம் இல்லை. எந்த அரசு அலுவலகத்தின் வளாகத்திலும் கிணற்றிலும் குளத்திலும் பொதுமக்கள் கூடும் இடங்களிலும் பொதுக் காரியங்கள் நடைபெறும் கட்டடங்களிலும், சாதி இந்துக்கள் செல்வதைப் போலவே ஒடுக்கப்பட்ட வகுப்பினரும் செல்வதற்கு ஆட்சேபம் இல்லை. இதுவே அரசின் கொள்கை என்று அறிவிக்க வேண்டும். தீர்மானத்தின் சாரம் இவ்வளவுதான். அரசு அதை ஏற்று 1924 செப்டம்பர் 25 அன்று உள்ளாட்சித் துறையின் 2660-ஆம் எண் ஆணையாக வெளியிட்டது.

சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்த வாசகத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். உரிமை உண்டு என்று அது சொல்லவில்லை. ஆட்சேபம் இல்லை என்கிறது. தடுப்பவருக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை. தடுக்கப்பட்டவர் எந்த நீதிமன்றத்துக்குச் செல்வது என்றும் சொல்லவில்லை. சட்டத்தின் வலு அதற்கில்லை. அரசு தன் கொள்கையை ஊரறியச் சொன்ன ஓர் அறிவிப்பு அது. ஆயினும் 1858-இன் பிரகடனத்தோடு ஒப்பிட்டால் ஒரு பெரும் மாற்றம் தெரியும். அங்கே வழக்கம் மதிக்கப்படும் என்று முடியாட்சி வாக்களித்தது. இங்கே தெருவும் கிணறும் வழக்கத்தின் ஆளுகைக்கு உட்பட்டவை அல்ல, பொதுமக்களின் ஆளுகைக்கு உட்பட்டவை என்று மாகாண அரசு ஒப்புக்கொண்டது. பொது என்ற சொல்லுக்குள் சேரியும் அடங்கும் என்பதை அரசின் வாயாலேயே சொல்லவைத்ததுதான் சீனிவாசன் ஈட்டிய வெற்றி.

காலத்தையும் கவனிக்கலாம். அதே 1924 மார்ச் 30 முதல் திருவிதாங்கூரின் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காகச் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்தது. பெரியார் அங்கே சிறை சென்றார். அன்று சென்னை மாகாணத்தில் இருந்த பாலக்காட்டின் கல்பாத்தி அக்கிரகாரத்தில், புதிய ஆணையை நம்பித் தேர்த்திருவிழாவின்போது நுழைந்த ஈழவர்கள் தாக்கப்பட்டனர். அதன் பின்னர் அமைதி காப்பதன் பெயரால் தடையுத்தரவு வந்தது. யாரைத் தடுத்தது என்று கேட்க வேண்டியதில்லை. நடக்க வந்தவர்களையே தடுத்தது. ஆணை ஒரு கையில், 144 மறு கையில் என்னும் இந்த முறையை அறியாத மாவட்டம் தமிழ்நாட்டில் இல்லை.

இனி இந்த ஆணை கிராமத்துக்கு வந்து சேர்ந்த விதம். அரசிதழ் சென்னையில் அச்சாகும். மாவட்ட அரசிதழ் ஆட்சியர் அலுவலகத்துக்கு வரும். திண்டுக்கல் அன்று மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி. ஆத்தூர், நிலக்கோட்டை, வேடசந்தூர் பக்கத்துக் கிராமங்களில் அரசிதழைப் படித்தவர் கர்ணமும் மணியக்காரருமே. அவர்களுக்குக் கீழே அரசின் சொல்லை ஊருக்குச் சொன்னவர் யார்? பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகத் தண்டோரா போட்டவர் பெரும்பாலும் சேரியின் மனிதரே. வரி கட்டும் நாளையும், ஏலம் விடும் நாளையும், காலரா வந்ததையும் அறிவித்தவர் அவர். இந்தத் தெருவில் நான் நடக்கலாம் என்ற அறிவிப்பை, அந்தத் தெருவில் நடக்க அனுமதிக்கப்படாதவரே பறையடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அரசின் குரலாக வரும்போது மட்டும் அவருக்கு ஊர்த்தெரு திறந்தது. அவருடைய சொந்தக் கால்களுக்கு மூடியே கிடந்தது. தண்டோரா முறையையே கைவிடும்படி தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது 2022 ஆகஸ்டில். 2660-ஆம் ஆணைக்கும் அக்கடிதத்துக்கும் இடையே ஏறத்தாழ 98 ஆண்டுகள்.

திண்டுக்கல்லுக்கு அறிவிப்புகள் புதியவை அல்ல. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து இப்பகுதி கம்பெனியின் கைக்கு வந்தது முதல், மலைக்கோட்டையின் அடிவாரத்தில் எத்தனையோ ஆணைகள் அறிவிக்கப்பட்டிருக்கும். கம்பெனிக்கு எதிராக எழுந்த பாளையக்காரர் கூட்டணியில் விருப்பாச்சி கோபால நாயக்கர் முன்னின்றார், 1801-இல் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு மருது சகோதரர்கள் திருச்சிராப்பள்ளியில் ஒட்டிய புகழ்பெற்ற பிரகடனம் பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான்கள் என்று அனைவரையும் விளித்தது. நான்கு வருணத்துக்கும் வெளியே நின்றவரை எந்தப் பெயரால் அழைப்பதென்று அந்தக் கிளர்ச்சிக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்த வீரத்தைக் குறைத்து மதிப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அரசனின் பிரகடனமானாலும் அரசியின் பிரகடனமானாலும் அதில் தம் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் கண் சேரிக்கு எப்போதும் இருந்தது. சீனிவாசன் அக்கண்ணைக் கொண்டு படித்தவர்.

தண்டனையில்லாத ஆணை போதாது என்பதை அவரும், ஆர். வீரையன் உள்ளிட்ட சக உறுப்பினர்களும் தொடர்ந்து அவையில் எழுப்பினர். முழுமையான சட்டம் வருவதற்கு 1938 ஆயிற்று, எம்.சி. ராஜாவின் முயற்சியில் சமூக இடர்ப்பாடுகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது. பின்னர் அரசமைப்புச் சட்டத்தின் 15(2) கிணறுகளையும் குளங்களையும் சாலைகளையும் பொதுமக்கள் கூடும் இடங்களையும் வரிசையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 1924-இன் தீர்மானத்தையும் 15(2)-ஐயும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவருக்கு அந்த உறவு உடனே புலப்படும். அதே பட்டியலின் நீட்சி இன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவில் இருக்கிறது. பொதுப் பாதையை, நீர்நிலையை, சுடுகாட்டை மறிப்பது குற்றம் என்று 2015-இன் திருத்தம் சொல்கிறது. ஆட்சேபம் இல்லை என்பது குற்றம் என்று மாற 91 ஆண்டுகள் ஆயின.

1930 நவம்பரில் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு கூடியது. இந்தியாவின் ஒடுக்கப்பட்ட மக்கள் சார்பில் அழைக்கப்பட்ட இருவர் டாக்டர் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும். ஒருவருக்கு வயது 39. மற்றவருக்கு எழுபதைக் கடந்திருந்தது. இருவரும் இணைந்து அரசியல் பாதுகாப்புகளுக்கான கோரிக்கை ஆவணத்தை அளித்தனர். மன்னர் ஐந்தாம் ஜார்ஜைச் சந்தித்ததைத் தம் நூலில் சீனிவாசன் குறித்திருக்கிறார். தீண்டாமை என்றால் என்ன என்று மன்னர் கேட்டாராம். தெருவில் விழுந்து கிடக்கும் தம் மனிதனை மேல்சாதியார் தூக்கி விடமாட்டார் என்று இவர் விளக்கினாராம். 1858-இன் பிரகடனத்தில் கையொப்பமிட்ட அரசியின் பேரன் அவர். 72 ஆண்டுகளாகத் தம் குடும்பத்தின் பெயரால் மதிக்கப்பட்டு வந்த வழக்கம் எது என்பதை மன்னர் அப்போதுதான் கேட்டறிந்தார் போலும்.

1932 ஆகஸ்டில் பிரதமர் மெக்டொனால்ட் அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு, ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனித்தொகுதியும் இரட்டை வாக்கும் அளித்தது. சீனிவாசன் தம் வாழ்நாளில் கண்ட அறிவிப்புகளுள் தம் மக்களின் கையில் உண்மையான அதிகாரத்தை வைத்தது அது ஒன்றே என்பது நம் கருத்து. அது நடைமுறைக்கு வரவே இல்லை. காந்தியார் எரவாடா சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 71 இடங்கள் 148 ஆயின; சென்னை மாகாணத்துக்கு 30. எண்ணிக்கை கூடியது, தேர்ந்தெடுக்கும் உரிமை பிறரோடு பகிரப்பட்டது. அம்பேத்கரோடு சீனிவாசனும் அதில் கையொப்பமிட்டார். எந்தச் சூழலில் அக்கையொப்பங்கள் பெறப்பட்டன என்பதை நம் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. நிலக்கோட்டை போன்ற தனித்தொகுதிகளில், சேரியின் வாக்கு யாரை விரும்பினாலும் ஊரின் வாக்கே முடிவு செய்யும் நிலை அந்த ஒப்பந்தத்தின் வழியாகவே நமக்கு வந்தது.

1935-இல் அம்பேத்கர் மதமாற்றத்தை அறிவித்தபோது சீனிவாசன் உடன்படவில்லை. நாம் இந்துக்களே அல்லவே, வெளியேறுவதற்கு எங்கிருந்து வெளியேறுவது என்பது அவருடைய நிலைப்பாட்டின் சாரம். அம்பேத்கரின் பாதையே சரி என்று கருதுகிறோம். ஆனால் சீனிவாசனின் வாதத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்க முடியாது. மைத்துனர் அயோத்திதாசரோடு பெயரைக் குறித்து முரண்பட்ட அதே மனிதர், இந்து அல்லாதவர் என்னும் இடத்தில் அவரோடு ஒன்றுபட்டார்.

1945 செப்டம்பர் 18 அன்று அவர் காலமானார். 2000-இல் இந்திய அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. கிண்டியில் மணிமண்டபம் இருக்கிறது. ஜூலை 7-இல் மாலைகள் விழுகின்றன.

அவர் பொதுவாழ்வில் நுழைந்த நாட்களில் பிறந்த 1892-இன் ஆணையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க இயலாது. பஞ்சமி நிலத்தைப் பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம். மீறினால் விற்பனை செல்லாது என்பது ஒப்படைப்பின் நிபந்தனை. 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாக நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அந்நிலத்தைக் கேட்டு 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போராடியபோது, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தனர். சீனிவாசன் பிறந்த அதே மாவட்டம்.

நிலம் காணாமல் போன வழி துப்பாக்கியைவிட அமைதியானது. பழைய ‘அ’ பதிவேட்டில் டி.சி. ஒப்படை என்று குறிக்கப்பட்ட புல எண்கள், 1980-களின் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது சாதாரண ரயத்துவாரி பட்டாவாக ஏறின. அக்குறிப்பு எழுதப்படாமல் விடப்பட்டதற்கு ஆணை ஏதும் தேவைப்படவில்லை. ஆகவே திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு செல்லும் தோழர்கள், இப்போதைய பட்டாவையும் கணினிச் சிட்டாவையும் மட்டும் இணைத்து நிறுத்திக்கொள்ளக் கூடாது. மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய ‘அ’ பதிவேடு, மறுநில அளவைப் பதிவேடு, ஒப்படைப்புக் கோப்பு ஆகியவற்றின் நகல்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கோப்பு கிடைக்கவில்லை என்று பதில் வந்தால், அப்பதிலையே இணைத்து மேல்முறையீடு செய்யுங்கள். பாதை வழக்கானால் கிராம வரைபடத்தில் அப்பாதை வண்டிப்பாதையாகவோ நடைபாதையாகவோ குறிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; குறிக்கப்பட்டிருந்தால் அது 1924 முதலே எவரும் ஆட்சேபிக்க முடியாத பாதை.